எல்லை ஆறுகளின் வெள்ளத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்தவர்கள்: அனுபவப் பகிர்வு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

எங்கள் பக்கத்தில் சொட்டு மழை இல்லாத நாளிலும் சித்தூர்ப்புழை கரை தொட்டு ஓடும். அது ஆனைமலையில் பெய்த மழை. மேலே ஆழியாறு அணை தமிழ்நாட்டில் இருக்கிறது, கீழே மூலத்தரா தடுப்பணை கேரளத்தில் இருக்கிறது. எவ்வளவு திறந்தார்கள், எப்போது இங்கே வந்து சேரும், எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும் என்ற கேள்விகளுக்கு விடை தேடித்தான், வெள்ளம் எப்படிப் பரவும் என்று கணக்கிடும் அனுகா (ANUGA) மென்பொருளைக் கையில் எடுத்தேன்.

ஆஸ்திரேலிய அரசின் புவி அறிவியல் நிறுவனமும் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கி, 2006இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட மென்பொருள் இது. பைத்தானில் இயங்குகிறது. நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தண்ணீர் நுழைகிறது, எவ்வளவு வெளியேறுகிறது என்று கணக்கிட்டபடி நேரத்தை நகர்த்தும். காய்ந்த வயலில் தண்ணீர் ஏறுவதும் வடிவதும் அதற்குச் சிக்கலில்லை. ஆற்றை ஒட்டிச் சிறிய முக்கோணங்களும் மேட்டு நிலத்தில் பெரியவையும் வைத்தால் சாதாரண மடிக்கணினியே போதும். ஆனால் இருப்பதிலேயே சிறிய முக்கோணம்தான் கணக்கின் வேகத்தைத் தீர்மானிக்கும். ஒரு மூலையில் ஆசைப்பட்டுப் பொடியாக்கினால் விடிய விடிய ஓடும்.

அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் வெள்ளக் கணிப்பு மென்பொருளான ஹெக்-ராஸ் (HEC-RAS) இலவசம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். இலவசம்தான், நல்ல மென்பொருளும்கூட. ஆனால் அதன் மூல நிரல் நம் கையில் இல்லை. இரண்டு மாநிலங்கள் பங்குபோடும் ஆற்றில் இது சின்ன விஷயமல்ல. பொள்ளாச்சிக்காரர் போட்ட கணக்கைச் சித்தூர்க்காரர் நம்ப வேண்டுமென்றால், உள்ளே என்ன நடக்கிறது என்பதை அவரும் ஒவ்வொரு வரியாகத் திறந்து பார்க்க முடிய வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் திறந்த மூல மென்பொருளின் பக்கம் நிற்கிறேன்.

இனி, வேலையின் பெரும்பகுதியைத் தின்ற விஷயம்: உயரம். ஆழியாற்றில் 120 அடி என்றால் அது அணைக்குள் நிற்கும் நீரின் உயரம். கேரளத்தின் மலம்புழை அணையில் 115.06 மீட்டர் என்றால் அது கடல்மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு. இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டால் பொருளே இல்லை. தமிழ்நாட்டில் வெளியேற்றத்தை விநாடிக்கு இத்தனை கன அடி என்கிறார்கள், அனுகாவுக்குக் கன மீட்டர் வேண்டும். 35.3ஆல் வகுத்தால் அது தீர்ந்துவிடும். ஜிபிஎஸ் உயரம் அப்படித் தீராது. நில அளவைக் கருவி நேரடியாகத் தருவது, பூமிக்குக் கணிதம் வகுத்த வடிவத்திலிருந்து அளந்த உயரம். இந்தியப் பெருங்கடலில் உலகிலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் (ஈர்ப்பு குறைவதால் கடல்மட்டமே தாழ்ந்திருக்கும் இடம்) நமக்குத் தெற்கே இருப்பதால், நம் பகுதியில் அந்த எண் கடல்மட்டக் கணக்கைவிட 90 மீட்டர் அளவுக்குக் குறைவாக வரும். எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும்.

அடுத்தது தென்னந்தோப்பு. இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடாரால் எடுத்தது. ரேடார் அலை தோப்பின் தரைவரை முழுமையாக இறங்குவதில்லை, பாதி மரத்திலேயே திரும்பிவிடுகிறது. விளைவு, ஆற்றங்கரைத் தோப்பெல்லாம் வரைபடத்தில் மேடாக நிற்கிறது, வெள்ளம் அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஆற்றின் அடிமட்டத்தையும் அந்தத் தரவு காட்டாது, அது பார்த்தது நீர்ப்பரப்பைத்தான். ஆகவே கோடையில் ஆற்றில் இறங்கிக் குறுக்குவெட்டு அளந்தே ஆக வேண்டும். இதற்கு மாற்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கணினியில் உருவாக்கிய வெள்ள மாதிரியைச் சரிபார்க்க நான் போனது வீட்டுத் திண்ணைகளுக்கு. ஒரு பாட்டி மாட்டுக்கொட்டகைத் தூணில் கை வைத்து, "இந்த ஆணி வரைக்கும் வந்தது, ஆனால் ஆற்றுப் பக்கமிருந்து வரவில்லை, பின்னால் வாய்க்கால் வழியாக வந்தது" என்றார். தண்ணீர் வந்த திசையை எந்த அளவுமானியும் பதிவு செய்து வைத்திருக்கவில்லை. அவர் சொன்ன வாய்க்காலை முக்கோண வலையில் சேர்த்ததும் அந்தத் தெருவே வேறு மாதிரி நனைந்தது.

நகரியிலிருந்து:

அண்ணா, வாய்க்கால் என்று நீங்கள் சொன்னதை எங்கள் பக்கம் ஏரி என்று மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே ஆந்திரத்தில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் பாய்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டு வட்டாரத்தில் தரைப்பாலங்கள் மூழ்கும். அதை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் ஆற்றுக்கு இருபுறமும் ஒன்றின் கலங்கல் (உபரிநீர் வழியும் இடம்) அடுத்ததை நிரப்பும் சங்கிலி ஏரிகள் இருக்கின்றனவே, அவற்றைக் கணக்கில் எடுக்காத மாதிரி எங்கள் ஊருக்கு உதவாது.

30 மீட்டர் கட்டத்தில் அளந்த தரவில், மேலே ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஏரிக்கரை கரைந்து காணாமல் போகிறது. தண்ணீர் ஏரியில் நிற்காமல் வழிந்தோடுகிறது. அதற்கு வழி இருக்கிறது: கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தின் மேல் கரையைக் கோடாக வரைந்து, அளந்த உயரத்தை அந்தக் கோட்டுக்குக் கொடுத்து, முக்கோணங்களின் விளிம்பு அதன் மேலேயே விழும்படி செய்ய வேண்டும். பிறகு ஓர் இடத்தில் மட்டும் கரையைத் தாழ்த்தி உடைப்பையும் ஓட்டிப் பார்க்கலாம். உடைப்பு எடுத்தால் எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் வரும் என்று ஊர்க்கூட்டத்தில் காட்டியபோது, அதுவரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து முன்னால் வந்தார்கள். கலங்கலை அடைத்து மீன் வலை கட்டும் வழக்கத்தை அன்றைக்கே பேசித் தீர்த்தார்கள்.

முதலமடையிலிருந்து:

பாலக்காடு–பொள்ளாச்சி ரயில் பாதையின் மண்மேடும் ஒரு கரைதான். அதனடியில் இருக்கும் சிறுபாலங்களை அனுகாவில் தனியாகக் கொடுக்க வேண்டும்: அகலம், உயரம், நீளம், இருபுற மட்டம். கொடுக்காவிட்டால் மேடு அணையாக நின்று, மேல் பக்கம் முழுவதும் குளமாகத் தெரியும். புதர் மண்டிய ஓடைக்கும் சுத்தமான ஓடைக்கும், தரை தண்ணீரை எவ்வளவு தடுக்கிறது என்று சொல்லும் மேனிங் உராய்வு எண்ணை வேறுபடுத்துங்கள். சுத்தமானதற்கு 0.03 வைத்தால், அடர்ந்த புதருக்கு 0.1 வரைகூடப் போகும். ஒரே எண்ணைப் படம் முழுவதும் பூசியவர்களின் வரைபடத்தை நான் நம்புவதில்லை.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

சிறுபாலங்களின் அளவு இருந்தால் அனுப்புங்கள், ஐயா. 2018 ஆகஸ்டில் மலம்புழை மதகுகள் திறந்து கல்பாத்திப்புழை பாலக்காட்டின் தாழ்ந்த பகுதிகளுக்குள் புகுந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இருந்தால், தண்ணீர் நின்ற சுவரைப் படமெடுத்து இடத்தைக் குறித்து வையுங்கள். வெள்ளையடிக்கும் முன் எடுக்க வேண்டும். சித்தூர்ப்புழையில் இந்தக் கோடையில் மூலத்தராவுக்குக் கீழே குறுக்குவெட்டு அளக்கப் போகிறேன். மட்டக்கோல் பிடிக்க இரண்டு பேர் வேண்டும்.