செம்பரம்பாக்கம் என்று தேடினால் எது முதலில் வரவேண்டும்?

தரமணி_நிரலர்:
நாங்கள் நடத்தும் சென்னைச் செய்தி ஆவணத்தில் ‘செம்பரம்பாக்கம் ஏரி திறப்பு’ என்று தேடினால் முதல் பக்கம் முழுக்க நாலு வரிச் செய்திகள். இத்தனை கன அடி உபரிநீர் திறப்பு, அவ்வளவுதான். 2015 டிசம்பரில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதை அலசிய நீண்ட கட்டுரைகள் நாலாம் பக்கத்தில் கிடக்கின்றன. தேடல் மென்பொருள் எலாஸ்டிக்சர்ச்தான், முடிவுகளின் தரவரிசையில் இதுவரை கைவைக்கவில்லை. எங்கே தொடங்குவது?

வேளச்சேரி_வாசி:
தேதிக்கு எடை கொடுங்கள். செய்தி பழசாக ஆக ஆக மதிப்பெண் குறையட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தேடுகிறவர் வரலாறு படிக்க வரவில்லை. இன்று ராத்திரி காரை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தணுமா என்று பார்க்க வருகிறார்.

பெரம்பூர்_வாசகி:
அப்படிச் செய்தால் 2015 கட்டுரை நாற்பதாம் பக்கத்துக்குப் போய்விடும். அது ஏன் கீழே போனது என்று முதலில் பாருங்கள். எந்த ஆவணம் தேடலுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடுவது பிஎம்25 சூத்திரம். எலாஸ்டிக்சர்ச்சின் அடியில் ஓடும் தேடல் நிரல் லூசீன்; 2016-இல் வந்த அதன் 6-ஆம் பதிப்பு முதல், நாமாக மாற்றாவிட்டால் இந்தச் சூத்திரம்தான். அதில் நீளத்தைக் கவனிக்கும் ‘பி’யின் மதிப்பு 0.75. சராசரியைவிட நீண்ட ஆவணத்தில் வரும் சொல்லுக்கு மதிப்பு குறையும், குறுஞ்செய்திக்குக் கூடும்.

தமிழில் இது இரட்டை அநியாயம். கட்டுரையில் ஏரியில், ஏரிக்கு, ஏரியிலிருந்து என்று எத்தனையோ தடவை வரும். விகுதி பிரிக்காத அட்டவணையில் (எந்தச் சொல் எந்த ஆவணத்தில் என்ற பட்டியல்) ‘ஏரி’ என்று தனியே நின்ற இடம் மட்டும்தான் கணக்கு. ஆனால் நீளத்துக்குத் தண்டம் போடும்போது எல்லாச் சொல்லையும் எண்ணிவிடுகிறது!

வேளச்சேரி_வாசி:
அக்கா, விகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் ‘காலம்’, ‘கால்’ இரண்டும் ஒன்றாகிவிடும். வெள்ளக் காலம் தேடியவருக்குக் கால் வலி மருத்துவம் வரும். தவிர, அதற்கு மொத்த ஆவணத்தையும் மறுபடி அட்டவணை போடணும். தேதி எடை தேடும் நேரத்தில் சேர்ப்பது, சரிப்படாவிட்டால் எடுத்துவிடலாம். மழை நமக்காகக் காத்திருக்காது.

பெரம்பூர்_வாசகி:
அதற்குத்தான் ஒவ்வொரு ஆவணத்துக்கும் அட்டவணையில் இரண்டு புலம் வைக்கிறோம்: சொற்கள் உள்ளபடி ஒன்று, விகுதி வெட்டியது ஒன்று. உள்ளபடி பொருந்தினால் எடை அதிகம். ‘பி’யைக் குறைக்க மறு அட்டவணை வேண்டாம், அட்டவணையை மூடி, அமைப்பை மாற்றித் திறந்தால் போதும். இன்றே 0.3 வைத்துப் பாருங்கள். அவசரக்காரருக்கு இன்றைய நீர்மட்டத்தை மேலே தனிப் பெட்டியில் காட்டுங்கள். அதற்காக ஆவண வரிசையைக் குலைக்காதீர்கள். 2015-இல் என்ன நடந்தது என்று தேடி வரும் மாணவர் வேறு எங்கே போவார்?

அயனாவரம்_ரயிலடி:
ஒரே ஒரு தேடலை வைத்துக்கொண்டு இத்தனை வாதமா? வாசகர்கள் தேடியதன் பதிவேட்டிலிருந்து பலவிதத் தேடல்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எது பொருத்தம் என்று வாசகர்களைக் கொண்டு மதிப்பெண் போட வையுங்கள். பிறகு எந்தத் திருகை வேண்டுமானாலும் திருகலாம். சொடுக்குகளை மட்டும் நம்பவேண்டாம். மேலே இருப்பதைத்தான் எல்லாரும் சொடுக்குவார்கள்.

பெரம்பூர்_வாசகி:
இதற்கு நான் முழுச் சம்மதம். ‘பி’ 0.3-உம் அந்தச் சோதனையில் தேறட்டும்.

வேளச்சேரி_வாசி:
சம்மதம்தான், ஒரு நிபந்தனையோடு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான தேடல்களைத் தனியாக மதிப்பிடுங்கள். ஆண்டு முழுவதற்கும் சராசரி எடுத்தால், முழங்கால் தண்ணீரில் நின்று தேடியவரின் தேவை அதில் கரைந்துபோகும். தனிப் பெட்டி போதாது என்பதில் நான் இன்னும் உறுதியாக இருக்கிறேன்.