இரண்டாம் பாகம்: கதை மிச்சமா, பெயர் மட்டும் மிச்சமா?

திரைக்கதைத் தச்சன்
‘இந்தியன் 2’ சரியில்லை என்பவர்களில் பாதிப் பேர் நீளத்தைத்தான் குறை சொல்கிறார்கள். மூன்று மணி நேரப் படத்தில், வெளியான சில நாளிலேயே 12 நிமிடம் வெட்டினார்கள். வெட்டியும் தேறவில்லை. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

1996-இல் வந்த முதல் ‘இந்தியன்’ படத்தில் லஞ்சம் கொடுக்க மாட்டேன் என்று நாயகன் சேனாபதி நிற்பதால் தீக்காயம் பட்ட மகள் சாகிறாள். பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்கு மகன் சந்துரு காசு வாங்கிக்கொண்டு சான்று கொடுக்கிறான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாகிறார்கள், கடைசியில் அப்பனே மகனைக் கொல்கிறார். கொள்கையும் அவருடையது, இழப்பும் அவருடையது. 2024-இல்? சொந்த வீட்டு ஊழலைக் காட்டிக்கொடுப்பது சித்தார்த் பாத்திரம், தாயைப் பறிகொடுப்பதும் அவன்தான். சேனாபதி தைபேயிலிருந்து வந்து வர்மம் போட்டுவிட்டுப் போகிறார். இழக்க அவரிடம் ஒன்றுமே இல்லை.

இரண்டாம் பாகத்தில் கைவைக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் படம் யாருக்கு என்ன பாக்கி வைத்துவிட்டுப் போனது?

பால்கனி டிக்கெட்
தச்சன் சார், முதல் படத்தின் கடைசிக் காட்சி மறந்துவிட்டதா? சேனாபதி வெளிநாட்டிலிருந்து போன் போட்டுத் திரும்பி வருவேன் என்கிறார். இதைவிடப் பெரிய பாக்கி என்ன வேண்டும்? அதை 28 வருஷம் கழித்து வசூலிக்கப் போனதுதான் தப்பு. முதல் படத்திலேயே எழுபது தாண்டிய மனிதர். இப்போது கணக்குப் போட்டால் நூறையும் தாண்டுகிறது. எதிரிக்கு அவர் மேல் பயம் வரும் முன் நமக்கு அவர் மேல் பரிதாபம் வந்துவிடுகிறது.

உங்கள் பாக்கிக் கணக்குப்படி ‘விடுதலை 2’ அல்லவா நின்றிருக்க வேண்டும்? அதில் பாக்கி மூட்டை மூட்டையாக இருந்தது.

திரைக்கதைத் தச்சன்
போனில் சொன்னது மிரட்டல், பாக்கி அல்ல. பாக்கி என்றால் பாத்திரத்துக்கு உள்ளே தீராமல் கிடப்பது.

‘விடுதலை’யில் பாக்கி இருந்தது, உண்மைதான். ஆனால் அது சூரியின் குமரேசனிடம் இருந்தது. கரடி தாக்கிய பெண்ணுக்கு உதவியதற்காக மன்னிப்புக் கேட்க மறுக்கிற போலீஸ் டிரைவர் அவன்; முகாமில் பெண்கள் படும் சித்திரவதையை நிறுத்துவதற்காக, போலீஸ் தேடும் போராளித் தலைவர் வாத்தியாரைப் பிடிக்கக் கிளம்புகிறான். பிடித்த பிறகு அவன் மனம் என்ன பாடுபடும்? அதுதான் வர வேண்டிய படம். வந்ததோ, காட்டுக்குள் நடந்துகொண்டே வாத்தியார் தன் கதையைச் சொல்ல, குமரேசன் கேட்டுக்கொண்டு வரும் படம். நாயகனைக் கதை கேட்கும் ஆளாக்கினால் எவ்வளவு பாக்கி இருந்து என்ன?

ஒலிப்பதிவு ஓரம்
இடையில் ஒரு வார்த்தை. ‘விடுதலை 2’-ஐப் பார்க்கத் தொந்தரவாக்கிய இன்னொன்று டப்பிங். பல இடங்களில் உதடு ஒன்று சொல்கிறது, குரல் வேறொன்று சொல்கிறது. படப்பிடிப்பு முடிந்தபின் வசனத்தை மாற்றினால் இதுதான் நடக்கும். மாற்றிய வரியை முதுகு தெரிகிற ஷாட்டிலோ எதிராளி முகத்தின் மீதோ போடலாம். நெருக்கக் காட்சியில் போட்டால் மாட்டிக்கொள்வோம். அரசியல் பேசும் படத்தில் இது இரட்டை நஷ்டம். கண் உதட்டைத் துரத்தும்போது காது வாதத்தை விட்டுவிடுகிறது.

பால்கனி டிக்கெட்
ஓரம் சொல்வது சரி. ஆனால் வாத்தியார் கதைதான் அந்தப் படத்தின் நோக்கமே. ஒருவன் எப்படித் துப்பாக்கி எடுத்தான் என்று சொல்லாமல் அவனைப் பிடித்ததன் பாரம் குமரேசனுக்கு எங்கிருந்து வரும்? எனக்குக் குறையாகப் படுவது இடைவெளிதான். முதல் பாகம் 2023 மார்ச் 31, இரண்டாவது 2024 டிசம்பர் 20. இருபது மாதத்துக்கு மேல். சூடு ஆறிவிட்டது. ‘பொன்னியின் செல்வன்’ ஏழே மாதத்தில் வந்தது, ஜனங்கள் மறக்கவில்லை.

கல்கி தாசன்
பொ.செ.யில் இடைவெளியைவிட வெட்டிய இடம்தான் முக்கியம் ஐயா. முதல் பாகம் கடலில் முடிகிறது. அருள்மொழி செத்துவிட்டாரா என்று யாரும் பதறவில்லை, அவர்தான் ராஜராஜனாக வந்து பெரிய கோயில் கட்டுவார் என்று ஊருக்கே தெரியும். ஆகவே மணிரத்னம் கேள்வியை மாற்றினார்: தண்ணீருக்குள் வருகிற, நந்தினி முகம் கொண்ட அந்த வயதான பெண் யார்? பதில் தெரிந்த கேள்வியில் நிறுத்தாமல் தெரியாத கேள்வியில் நிறுத்தியதுதான் கெட்டிக்காரத்தனம்.

ஆனால் இரண்டாம் பாகத்தின் மீது எனக்கு வருத்தம் உண்டு. நாவலில் வரும் மணிமேகலை பாத்திரமே இல்லை. நாவலில் முடிசூடும் திருப்பம் சேந்தன் அமுதனை வைத்து நடக்கும். படத்தில் நேராக மதுராந்தகனுக்கே கிரீடம். ஐந்து பாக நாவலை இரண்டு படத்தில் அடைக்க வேண்டும், புரிகிறது. ஆனாலும் அந்த முடிச்சு போனதால் கடைசி அரை மணி நேரம் தட்டையாகிவிட்டது.

பால்கனி டிக்கெட்
நாவல் படித்தவர்களுக்குத்தான் அது தட்டை. படிக்காதவனுக்குச் சேந்தன் அமுதன் யார் என்று விளக்கவே இன்னொரு அரை மணி வேண்டும்.

ரிமோட் ராணி
எல்லாரும் சினிமாவையே பிடித்துத் தொங்குகிறீர்களே! உங்கள் பாக்கிக் கணக்கைச் சின்னத்திரை என்றைக்கோ உடைத்துவிட்டது. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ் 2’ பாருங்கள். முதல் தொடரில் மூத்த அண்ணனாக வந்த ஸ்டாலின் இதில் பாண்டியன் என்கிற அப்பா. குடும்பம் வேறு, கதை வேறு. மிஞ்சியது கடைப் பெயரும் ஒன்றிரண்டு முகங்களும்தான். ஓடவில்லையா?

‘எதிர்நீச்சல்’ நேர் எதிர். 2024 ஜூனில் முடித்து, அதே டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று அதே வீட்டைத் திறந்தார்கள். ஜனனியாக மதுமிதாவுக்குப் பதில் பார்வதி. அதற்கு முன்பே, மாரிமுத்து காலமானபின் குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தாயிற்று. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் முகம் மாறுவதை ஒரு வாரத்தில் ஜீரணித்துவிடுவார்கள், தினமும் வருகிறதல்லவா? சினிமாவில் அந்த ஒரு வாரம் கிடைக்காது.

திரைக்கதைத் தச்சன்
ராணி மேடம், நீங்கள் எனக்குத்தான் சாட்சி சொல்கிறீர்கள். பாக்கி இல்லாத ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ கதையை அடியோடு புதிதாகத் தொடங்கியது. பாக்கி இருந்த ‘எதிர்நீச்சல்’ அதே வீட்டுக்குத் திரும்பியது. இரண்டுமே நேர்மை. பாக்கியும் இல்லாமல், புதுக்கதையும் இல்லாமல் பழைய ஆளை மட்டும் கூட்டி வருவதுதான் மோசம்.

நல்ல உதாரணம் மலையாள ‘த்ரிஷ்யம் 2’. (பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டவும்.) 2013 படம் முடியும்போது பிணம் போலீஸ் ஸ்டேஷன் தரைக்குக் கீழே இருக்கிறது. ஜார்ஜுகுட்டி தப்பித்தான், ஆனால் தடயம் அழியவில்லை. 2021 படம் புதுக் குற்றம் எதையும் தேடவில்லை. அந்த ராத்திரி அவன் ஸ்டேஷனிலிருந்து வெளியே வருவதைப் பார்த்த ஒருவன் ஜெயிலிலிருந்து வருகிறான், தரையைத் தோண்டுகிறார்கள். ஜீத்து ஜோசப் செய்தது பழைய குழியையே மறுபடி தோண்டியதுதான்.

பால்கனி டிக்கெட்
அப்படியானால் ‘சுழல்’ வெப் சீரிஸின் இரண்டாவது சீசன்? முதல் சீசனில் சாம்பலூர், மயானக் கொள்ளை. காணாமல்போன நிலாவின் வழக்கு எட்டு எபிசோடில் முடிந்தாயிற்று. இரண்டாவதில் ஊர் காளிபட்டினம், திருவிழா அஷ்டகாளி, உள்பக்கம் தாழிட்ட வீட்டில் வக்கீல் செல்லப்பாவின் பிணம், நான்தான் கொன்றேன் என்று எட்டுப் பெண்கள். பழைய பாக்கி எங்கே? புஷ்கர்–காயத்ரி கொண்டுவந்தது கதையை அல்ல, அச்சை: ஊர், திருவிழா, அதற்குள் ஒரு குற்றம்.

திரைக்கதைத் தச்சன்
நிலாவின் அக்கா நந்தினி ஜெயிலில் இருக்கிறாளே, அது யார் பாக்கி? முதல் சீசனின் கடைசியில் அவள் சுட்ட சூட்டுக்கான வழக்குத்தான் இரண்டாவதின் முதுகெலும்பு. போலீஸ்காரர் சக்கரை அவளுக்காக ஓடுவதால்தான் புது வழக்கு நமக்கும் ஒட்டுகிறது.

பால்கனி டிக்கெட்
சரி, அந்த ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் எட்டுப் பேரும் ஒரே வாக்குமூலம் கொடுக்கிற இடம் நந்தினி இல்லாமலே நிற்கும், அதை நீங்கள் விட்டுக்கொடுங்கள்.

ரிமோட் ராணி
கடைசியாக ஒன்று. ‘வீர தீர சூரன்’ 2025 மார்ச்சில் இரண்டாம் பாகத்தை முதலில் விட்டார்கள். தச்சன் சார் கணக்கில் இது கடனா, முன்பணமா?

திரைக்கதைத் தச்சன்
முன்பணம். முதல் பாகம் வந்தால் நாயகன் காளி உயிரோடு இருப்பான் என்று முன்கூட்டியே தெரியும். ஆகவே “பிழைப்பானா” என்று எழுதினால் படம் படுத்துவிடும், “எப்படி இப்படி ஆனான்” என்றுதான் எழுத வேண்டும். கல்கி தாசன் ஐயா கடலைப் பற்றிச் சொன்னதேதான்.