கீல் மாற்றிய பிறகு லேப்டாப்பில் வைஃபை தூரம் போகவில்லை

கேள்வி: கீல் மாற்றி மூடியதும் ரவுட்டர் பக்கத்தில் மட்டும்தான் வைஃபை. அடுத்த அறையில் அறுந்துவிடுகிறது. டிரைவரை மீண்டும் நிறுவியும் பயனில்லை.

பதில் 1: வைஃபை கார்டு லேப்டாப்பில் தெரிகிறதே, டிரைவரை விடுங்கள், கார்டிலிருந்து ஆன்டெனா ஒயர்தான் கழன்றிருக்கும். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள். கார்டில் உள்ள குட்டி வட்ட முனைகளின் மேல் ஒயர் நுனியை நேராக வைத்து நகத்தால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும். சாய்த்து அழுத்தாதீர்கள், முனை நசுங்கினால் கார்டையே மாற்ற வேண்டிவரும்.

பதில் 2: அங்கே சரியாக இருந்தால் கீலைப் பாருங்கள். பல மாடல்களில் ஆன்டெனா திரைக்கு மேலே இருக்கும், ஒயர் கீல் வழியாகத்தான் இறங்கும். கீலுக்கடியில் நசுங்கினால் ஒயரின் உள்கம்பி அதைச் சுற்றியுள்ள வெளிவலையோடு ஷார்ட் ஆகும். திரையைச் சாய்க்கும்போது சிக்னல் ஏறி இறங்கினால் அதுவேதான். டேப் சுற்றிப் பலனில்லை, ஒயரோடு ஆன்டெனாவை மாற்றுங்கள்.

பதில் 3: கார்டு மாற்றுவதாக இருந்தால் கவனம்: இன்டெல் ஏஎக்ஸ்201 என்ற வைஃபை கார்டு எல்லா மதர்போர்டிலும் ஓடாது.