ஒரே தொகுதியில் 53 வருடம்: உம்மன் சாண்டியால் எப்படி முடிந்தது?

மலைச்சாரல்:
கேரள முதல்வராக இருந்த உம்மன் சாண்டி, 1970இல் 26 வயதில் கோட்டயம் பக்கத்துப் புதுப்பள்ளியில் ஜெயித்தவர், 2023 ஜூலையில் இறக்கும் வரை அதே ஊருக்குத்தான் எம்எல்ஏ. தொடர்ந்து 12 வெற்றி. கேரளாவில் நாற்பது வருடம் ஆட்சியையே மாற்றி மாற்றிப் போட்டார்கள், இவரை மட்டும் மாற்றவில்லை. கலைஞரும் 13 முறை ஜெயித்தார், ஆனால் குளித்தலையில் தொடங்கித் திருவாரூர் வரை தொகுதி மாறினார். இது வெறும் கிறிஸ்தவ சபை ஓட்டா? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டயம்வாசி:
சபை ஓட்டு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை புதுப்பள்ளி வீட்டுக்குப் போனால் அவரைப் பார்க்கலாம் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும், முதல்வராக இருந்தபோதும் அந்த வழக்கத்தை அவர் விடவில்லை. ஊர்க்காரர்கள் செல்லமாகக் கூப்பிடுவது குஞ்ஞூஞ்ஞு, அவ்வளவுதான். திருவனந்தபுரத்து வீட்டுக்கும் புதுப்பள்ளி என்றே பெயர்.

கம்பம்காரன்:
எங்களுக்கு அவர் என்றால் 2011 டிசம்பர்தான் ஞாபகம். முல்லைப் பெரியாறில் புது அணை வேண்டும் என்று நின்ற முதல்வர், குமுளி எல்லை மூடிக் கிடந்தது, இங்கே ஊரே தெருவில் இறங்கியது. அந்தக் கோபம் இன்னும் எனக்கு இருக்கிறது. இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும்: நம் பக்கத்து எம்எல்ஏவை அப்படி ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க முடியுமா?

பழைய குமாஸ்தா:
முதல்வராக இருந்தபோது அவர் நடத்திய ஜனசம்பர்க்க (மக்கள் தொடர்பு) நிகழ்ச்சியை விட்டுவிட்டீர்களே. மாவட்டம் மாவட்டமாகப் போய், மணிக்கணக்கில் நின்றபடியே மனு வாங்கி அங்கேயே உத்தரவு போடுவார். 2013இல் ஐநாவின் பொதுச்சேவை விருது அதற்குத்தான். வில்லேஜ் ஆபீசர் செய்ய வேண்டியதை முதல்வர் செய்கிறார் என்று இடதுசாரிகள் கண்டித்தார்கள், அதில் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். தாலுகா ஆபீசில் ஒழுங்காக வேலை நடந்தால் சக்கர நாற்காலியில் ஒருவர் முதல்வரைத் தேடி ஏன் வர வேண்டும்? ஆனால் அதுவரை அந்த மனிதர் எங்கே போவார் என்பதும் கேள்விதானே.

கோட்டயம்வாசி:
சரியான கேள்வி. இறுதி ஊர்வலத்தைப் பார்த்தீர்களா? திருவனந்தபுரத்திலிருந்து கோட்டயம் சுமார் 150 கிலோமீட்டர், வண்டி வந்து சேர ஒரு நாளுக்கு மேல் ஆனது. ராத்திரி முழுக்க அந்த வழியான எம்சி ரோட்டில் ஜனம் நின்றது.

மலைச்சாரல்:
அப்புறம் இன்னொன்று கவனித்தேன். 2021இல் அவருடைய வித்தியாசம் 9,044 ஓட்டுதான். அவர் இறந்த பிறகு 2023 செப்டம்பர் இடைத்தேர்தலில் மகன் சாண்டி உம்மன் 37,719 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அப்பாவுக்கே ஒருமுறைகூட அவ்வளவு கிடைத்ததில்லை.