ஸ்டேக்ஹவுஸில் குடும்ப விருந்து, நான் பேலியோ: என்ன ஆர்டர் செய்வது?

வெண்ணிலா_கே:
வரும் சனிக்கிழமை என் மாமியாரின் பணி ஓய்வு விருந்து. நாத்தனார் ஒரு ஸ்டேக்ஹவுஸில் எல்லோருக்குமாக மேசை பிடித்துவிட்டார். நான் பேலியோ உணவுமுறையில் இருக்கிறேன். தானியம், பருப்பு, சோயா, சர்க்கரை, உருளைக்கிழங்கு எதுவும் கிடையாது. பாலும் க்ரீமும் வேண்டாம், வெண்ணெய் மட்டும் கொஞ்சம் ஒத்துக்கொள்கிறது. கோதுமை உள்ளே போனால் மறுநாள் முழுக்க வயிறு உப்பிக்கொள்ளும். அதனால் "ஒரு நாள்தானே" என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.

"கறிக்கென்றே இருக்கும் இடத்துக்குப் போகிறாய், உனக்கென்ன கவலை?" என்கிறார் கணவர். எனக்குக் கவலை கறியில் இல்லை, அதன் மேலே ஊற்றுவதிலும் பக்கத்தில் வைப்பதிலும்தான். சர்வரை நிற்கவைத்து ஒவ்வொன்றாக விசாரித்தால் மேசையே என்னைப் பார்க்கும். சின்ன மாமனார் வேறு வருகிறார். அவர் பிடித்துக்கொண்டால் விருந்து முடியும்வரை என் தட்டுதான் பேச்சு. அன்றைக்கு அத்தையைப் பற்றித்தான் பேச்சு இருக்க வேண்டும். எதைக் கேட்கலாம், எதை விடலாம்?

முட்டைப்பிரியன்:
ஸ்டேக், சாலட், தண்ணீர். முடிந்தது. இதற்குப் போய் இவ்வளவு யோசனையா?

கிரில்காரன்:
அவ்வளவு சுலபம் இல்லை, முட்டைப்பிரியன். நான் ஸ்டேக்ஹவுஸ் அடுப்பில் பல வருடம் நின்றவன். அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் வேலை, முன்கூட்டியே போன் செய்வது. மதியக் கூட்டம் கலைந்து இரவுக் கூட்டம் வருவதற்கு முன்பு கூப்பிட்டால் நின்று பேசுவார்கள். சமையலறையில் இருப்பவரிடமே கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மேசையில் கேட்கவேண்டிய கேள்விகளில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும். "பேலியோ" என்று சொன்னால் ஒவ்வொருவர் ஒவ்வொன்றாகப் புரிந்துகொள்வார்கள். கோதுமை, சோயா, சர்க்கரை, க்ரீம் வேண்டாம் என்று பொருளைச் சொல்லுங்கள்.

இரண்டு விஷயம் கட்டாயம் கேளுங்கள். எந்தத் துண்டுகளை ஊறவைக்கிறார்கள்? தடவும் மசாலாவில் சர்க்கரை உண்டா? ஃப்ளாங்க், ஸ்கர்ட் மாதிரி நார் அதிகமுள்ள துண்டுகளைப் பல இடங்களில் சோயா சாஸில் ஊறவைப்பார்கள். சோயா சாஸ் வழக்கமாகக் கோதுமையும் சேர்த்துத்தான் தயாராகிறது, உங்கள் வயிற்றுக்கு அது போதும். ரிப்ஐ, ஸ்ட்ரிப்லாயின், ஃபில்லே என்ற துண்டுகளுக்குப் பெரும்பாலும் உப்பும் மிளகும் மட்டும்தான். நான் ரிப்ஐக்குத்தான் ஓட்டுப் போடுவேன். கொழுப்பு உள்ளேயே ஓடுவதால் சாஸ் தேவைப்படாது, வயிறும் நிறையும். ஃபில்லே மென்மைதான், ஆனால் கொழுப்புக் குறைவு, துண்டும் சின்னது. மெனுவில் இருக்கும் எடை பச்சைக்கறியின் எடை. சுட்டபின் ஏறக்குறைய கால் பங்கு குறையும், 340 கிராம் தட்டுக்கு வரும்போது 250 கிராம்தான் இருக்கும்.

சாஸ்களில் பார்பிக்யூ என்றால் சர்க்கரை. பிரவுன் கிரேவி என்றால் மாவு. மிளகு சாஸில் க்ரீம் இருக்கும். சிமிச்சுரி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்: பார்ஸ்லி, பூண்டு, வினிகர், எண்ணெய், அவ்வளவுதான். க்ரீம்ட் ஸ்பினாச் கீரைதானே என்று தொட்டுவிடாதீர்கள், அதை மாவு போட்டுத்தான் கெட்டியாக்குவார்கள். உருளைக்கிழங்குக்குப் பதில் ப்ராக்கோலியோ அஸ்பாரகஸோ மாற்றித் தருவது எங்களுக்குத் தினசரி வேலை, தயங்கவே வேண்டாம்.

சின்ன மாமனார் உங்கள் தட்டைப் பார்த்து "ரத்தம்" என்று ஆரம்பித்தால், அது ரத்தம் இல்லை, மயோகுளோபின் என்ற புரதம் கலந்த நீர். அந்தப் பேச்சே வேண்டாம் என்றால் மீடியம், அதாவது நடுத்தரமாகச் சுட்டதைக் கேளுங்கள், உள்ளே 60 முதல் 63 டிகிரி செல்சியஸ். ரிப்ஐக்கு அதுதான் பொருத்தம் என்பது என் கட்சி. கொழுப்பு உருக வேண்டாமா!

தேன்மொழி:
அலர்ஜி என்று ஒரே வார்த்தை சொல்லிவிடுங்கள். யாரும் குறுக்குக் கேள்வி கேட்கமாட்டார்கள்.

அப்புறம் சின்ன மாமனாருக்கு எதிரில் உட்காராதீர்கள். அவர் வரிசையிலேயே நாலு பேர் தள்ளி உட்கார்ந்தால் உங்கள் தட்டே அவர் கண்ணில் படாது. கேக் வந்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொன்னால்தான் விசாரணை ஆரம்பிக்கும். வாங்கிய கேக்கைக் கணவர் பக்கம் நகர்த்திவிட்டால் அவரே முடித்துவிடுவார். எங்கள் வீட்டில் இப்படித்தான் ஓடுகிறது.

கிரில்காரன்:
கேக் யோசனை பிரமாதம். அலர்ஜி மட்டும் வேண்டாமே, தேன்மொழி. அந்தச் சொல் உள்ளே வந்தால் இடுக்கியை மாற்றுவோம், வாணலியைக் கழுவுவோம், ஒருவர் கூடவே நின்று பார்ப்பார். அப்படிக் கேட்டவர் கடைசியில் பக்கத்துத் தட்டிலிருந்து ஆனியன் ரிங் எடுத்துக் கடித்தால், அடுத்து நிஜமாகவே அலர்ஜி உள்ளவர் வரும்போது சமையலறை அலட்சியமாகிவிடும். "வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது" என்றால் போதும், அது உண்மையும்கூட.

வெண்ணிலா_கே:
போன் செய்துவிட்டேன்! ரிப்ஐயில் உப்பும் மிளகும் மட்டும், மேலே வெண்ணெய் வைப்பார்களாம், அது பரவாயில்லை. நல்லவேளை காளானைப் பற்றியும் கேட்டேன், அதை சோயா சாஸ் விட்டு வதக்குகிறார்களாம். எனக்குத் தோன்றியிருக்கவே தோன்றியிருக்காது. சாலட் டிரஸ்ஸிங் பாட்டிலில் வருவது, அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. அதற்கு என்ன செய்யட்டும்?

கிரில்காரன்:
ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைத் துண்டும் தனியாகக் கேளுங்கள், எந்தச் சமையலறையிலும் இருக்கும். சீசர் சாலட் பக்கம் போகவேண்டாம், அதில் ரொட்டித்துண்டும் சீஸும் சேர்த்தே கலந்து வரும். போனில் பேசியவர் பெயரைக் குறித்துவைத்திருக்கிறீர்களா? சனிக்கிழமை சர்வரிடம் அந்தப் பெயரைச் சொல்லி "ஏற்கெனவே பேசியாயிற்று" என்று சொல்லுங்கள், ஆர்டர் சீட்டிலேயே எழுதிவிடுவார்.