‘கேடயவால் பாம்பு’ என்னும் சொல் குறித்து

அன்பர்களுக்கு வணக்கம்.

நம் குழுவின் கலைச்சொல் பட்டியலுக்காக, மண்ணைத் துளைத்து வாழும் சிறு பாம்புகளான யூரோபெல்டிடே குடும்பத்துக்குத் தமிழ்ப்பெயர் தேடிவருகிறோம். ‘கேடயவால் பாம்பு’ என்ற பெயரைப் பலரும் ஏற்றுக்கொண்டுவிட்ட நிலையில், எனக்கு மட்டும் ஒரு தயக்கம் இருக்கிறது. குடும்பப் பெயருக்கு அடிப்படையான யூரோபெல்டிஸ் என்பது 1829இல் பிரெஞ்சு அறிஞர் குவியே இட்ட பேரினப் (genus) பெயர். கிரேக்கத்தில் ‘ஊரா’ வாலையும் ‘பெல்டே’ காலாட்படையினர் ஏந்திய சிறு கேடயத்தையும் குறிக்கும். சொல்லை இரண்டாகப் பிரித்து இரண்டுக்கும் தமிழ் வைத்தோம். பாம்பை ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தோமா என்பதுதான் என் கேள்வி.

வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்டச் சாலையில், மழை விட்ட ஒரு காலையில் இதை நான் குனிந்து பார்த்திருக்கிறேன். பென்சில் பருமனில், எண்ணெய் தடவியதுபோல் வழுவழுப்பான உடல். கூம்பிய சிறு தலை. இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய கண். வால் மட்டும் சாய்வாக வெட்டிவிட்டதுபோல் மொட்டையாக இருந்தது. அங்குள்ள செதில்கள் வரப்பு வரப்பாக எழுந்து சொரசொரப்பாக இருந்தன. அவற்றில் புளியங்கொட்டை அளவுக்கு ஈரமண் அப்பியிருந்தது. அந்த மண் தற்செயலாக ஒட்டியதன்று. மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும் பாம்புக்குப் பின்னால் வளை திறந்தே கிடக்குமாகையால், மண் அப்பிய வால் அந்த வழியை அடைக்கும் தக்கையாகிறது. துளைக்கும் வேலை முழுவதும் உடலின் முன்பகுதியுடையது: முதுகெலும்பு தோலுக்குள்ளேயே வளைந்து மடிந்து உடலைப் பருக்கச் செய்து வளைச் சுவரில் ஊன்றிக்கொள்ள, பின்னுடல் அதன் பின்னே இழுபட்டு வருகிறது. 1978இல் இதை ஆராய்ந்து எழுதிய விலங்கியலாளர் கார்ல் கான்சும் உடன் ஆய்வாளர்களும் சரக்கு ரயிலை உவமை காட்டினார்கள். எஞ்சின் முன்னே, பெட்டிகள் பின்னே.

மக்கள் வழக்கில் உள்ள ‘இருதலைப் பாம்பு’, ‘மண்ணுளி’ ஆகியவற்றையே எடுத்துக்கொள்ளலாம் என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். வழக்குச் சொல்லுக்கு முதலிடம் தர வேண்டும் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் அவ்விரண்டும் வறண்ட நிலத்தில் வாழும் வேறொரு பாம்புக்கு ஏற்கெனவே உரியவை; மூடநம்பிக்கையால் களவாகப் பிடித்து விற்கப்படும் அந்தப் பாம்பின் பெயரை, மண்புழு தின்று மலைக்காட்டில் ஒதுங்கி வாழும் இந்த எளிய உயிரின்மீது ஏற்றுவது நல்லதன்று.

‘கிடுகுவால்’ என்ற பரிந்துரை பழந்தமிழ் மணம் உடையது. கிடுகு என்றால் கேடயம்தான். எனினும் இலங்கைத் தமிழரிடம் கிடுகு என்றால் வேலி அடைக்கவும் கூரை வேயவும் பின்னிய தென்னோலை. தீபகற்ப இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத குடும்பம் இது என்னும்போது, அவ்விரு நிலத்துத் தமிழருக்கும் ஒரே பொருள் தரும் சொல்லே வேண்டும். (இலங்கையின் பெயர் தாங்கிய யூரோபெல்டிஸ் சைலானிக்கா உண்மையில் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்வது, இலங்கையின் இனங்களோ இன்று ரைனோபிஸ் பேரினத்தில் வைக்கப்படுகின்றன. முதலில் இட்ட பெயர் எத்தனை காலம் வழிதவறச் செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?)

ஆகவே, பார்த்ததும் கண்ணில் படும் அந்த வாலின் சொரசொரப்பையே கொண்டு ‘கரட்டுவால் பாம்பு’ என்று முன்மொழிகிறேன். கரட்டுத் தரை, கரட்டோணான் என்று நாம் அன்றாடம் சொல்லும் கரடுதான் இது. இதே குடும்பத்தைச் சேர்ந்த மெலனோபிடியம் போன்ற பேரினங்களுக்கு இத்தகைய வால் கிடையாதே என்ற மறுப்பு எழும். அம்மறுப்பு கேடயவாலுக்கும் அப்படியே பொருந்தும் என்பது ஒருபுறமிருக்க, நரியையும் நாய்க்குடும்பம் என்றுதானே சொல்லி வருகிறோம்? குடும்பப் பெயர் அதன் முதன்மைப் பேரினத்தைக் காட்டினால் போதும்.

‘கரட்டுவாலன்’ என்று சுருக்கலாம் என்பாருக்கு ஒன்று: கட்டுவிரியன், கொம்பேறிமூக்கன் என அந்த ஈற்றில் முடியும் பாம்புப் பெயர்கள் நம் ஊர்களில் அச்சத்தோடு சொல்லப்படுபவை. நஞ்சில்லாத, கடிக்கவும் முனையாத ஒன்றுக்கு அந்த ஒலி வேண்டாம். பட்டியலில் பின்வருமாறு சேர்க்கலாம் என எண்ணுகிறேன்:

கரட்டுவால் பாம்பு: மண்ணுள் வாழ்ந்து, குட்டி ஈன்று, மண்புழு உண்ணும் நஞ்சற்ற சிறு பாம்பு, வால்நுனி மொட்டையாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும்.