காந்தத் தூள் புளோரைடை உடைக்குமா?

பென்னாகரத்தான்:
காந்த இரும்பு ஆக்சைடைச் சுட்டுச் செயலூட்டி, ஹைட்ரஜன் பெராக்சைடுடன் ஆழ்துளைக் கிணற்று நீரில் கலந்தால் சாயக் கழிவைப் போலவே புளோரைடும் உடைந்துவிடும் என்று ஓசூர் நண்பர் நேற்று எழுதியிருப்பதைப் பொறுக்க முடியவில்லை. புளோரைடு மிகுந்த நீரைக் குடித்து, பற்களில் பழுப்புக் கறையோடு பள்ளிக்குச் சென்றவன் நான். புளோரைடு ஒரு தனிமத்தின் அயனி; எந்த வினையூக்கியும் அதை உடைக்காது.

ஓசூர்க்காரன்:
மேக்னடைட் எனப்படும் அந்தக் காந்த இரும்பு ஆக்சைடின் பரப்பிலுள்ள பெர்ரஸ் (இரும்பு) அயனி பெராக்சைடைப் பிளந்து, ஹைட்ராக்சில் தனி உறுப்பு என்ற மிகு வினைத்திறன் கொண்ட துகளை உண்டாக்குகிறது. அது சாயத்தைச் சிதைக்கிறது. பிறகு காந்தத்தால் தூளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதே ஆக்சைடு புளோரைடையும் நீரிலிருந்து அகற்றுகிறது. அதைத்தான் உடைத்தல் என்றேன். எங்கள் ஊர் அருகே கெலவரப்பள்ளி அணையில் கழிவால் எழும் நுரையைக் கண்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு வாழ்பவர்கள் நாங்கள். உங்களுக்குச் சொல் மட்டும்தான் கவலை.

பென்னாகரத்தான்:
அகற்றுவது வேறு, உடைப்பது வேறு. பரப்பில் ஒட்டிய புளோரைடு புளோரைடாகவே இருக்கும்; காரக் கரைசலில் கழுவினால் மீண்டும் வெளிவரும். உடைந்த புளோரைடு என்னவாகிறது என்று சொல்லுங்கள்.

பாலக்கோட்டு ஆசிரியை:
காற்றில் 600 டிகிரிக்குச் சுட்டால் மேக்னடைட், ஹேமடைட் என்ற வேறொரு இரும்பு ஆக்சைடாக மாறி, வலுவான காந்தத் தன்மையை இழந்துவிடும். பிறகு எதைக் காந்தத்தால் எடுப்பீர்கள்? மேலும், பெராக்சைடைப் பிளக்கும் இந்த வினை பி.எச் 3 என்ற அமில அளவில்தான் சிறப்பாக நடக்கும். குடிநீரை அப்படிப் புளிக்க வைக்க முடியுமா? புறஊதா ஒளியாலும் மீயொலியாலும் செயலூட்டலாம் என்பதை ஏன் எழுதவில்லை?

ஓசூர்க்காரன்:
600 என்று நான் எங்கே எழுதினேன், அம்மா? போன மாதம் கோபால்ட் பெரைட் என்ற கோபால்ட் கலந்த காந்த இரும்பு ஆக்சைடு பற்றி எழுதியபோதும் நான் சொல்லாததற்கே திருத்தம் போட்டீர்கள்.

பாலக்கோட்டு ஆசிரியை:
கோபால்ட் நீரில் கசியும் என்று எச்சரித்தேன். இன்றும் அதையே சொல்வேன்.

பென்னாகரத்தான்:
கோபால்ட்டைப் பிறகு பேசலாம். புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டிய நீரைக் குடித்து எலும்பு வளைந்தவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். காவிரி நீரை ஒகேனக்கல் திட்டத்தில் 2013இல் குழாய் வழியாகக் கொண்டுவந்ததே, நிலத்தடி நீரின் புளோரைடிலிருந்து தப்பத்தான். உங்கள் பேச்சை நம்பி யாராவது பெராக்சைடைக் கிணற்றில் ஊற்றினால் யார் பொறுப்பு? உடைந்த புளோரைடு என்னவாகிறது?

ஓசூர்க்காரன்:
ஊற்றச் சொல்லவில்லை. சாயம் உடைகிறதா இல்லையா, அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

பென்னாகரத்தான்:
சாயம் உடைகிறது. நான் கேட்டது புளோரைடு.